ஒரே மனம் மாறியிருந்தால்…

கேள்வி: ‘என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது’ என்பவருக்கு என்ன பதில்?

பதில்: ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் தொகுதியைக் காட்டலாம். 2017 பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே பதிவான வாக்குகள் 41,000-க்கும் மேல். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஸ்டீபன் கெதின்ஸ் 13,743, லிபரல் டெமாக்ரட் எலிசபெத் ரிச்சஸ் 13,741. மீண்டும் மீண்டும் எண்ணியும் வித்தியாசம் இரண்டுதான்! கெதின்ஸுக்குப் போட்டவர்களில் ஒரே ஒருவர் மனம் மாறி ரிச்சஸுக்குக் குத்தியிருந்தால் இருவருக்கும் 13,742. அப்புறம் சட்டப்படி திருவுளச்சீட்டுதான்.

இந்தத் தொகுதிக்கு வடக்கே டே கழிமுகம், கிழக்கே வடகடல், தெற்கே ஃபோர்த் கழிமுகம். மூன்று பக்கமும் தண்ணீரே வேலி என்பதால், எல்லை வகுப்பவர்களுக்கு நிலப்பக்கம் மட்டும்தான் தலைவலி. கோல்ஃபுக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்கும் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் இதற்குள்தான் இருக்கிறது.

1983-ல் ‘வடகிழக்கு ஃபைஃப்’ என்ற பெயர் வருவதற்கு முன்பு தொகுதி ‘கிழக்கு ஃபைஃப்’. 1886 முதல் அதன் உறுப்பினராக இருந்தவர், பிரதமராகவும் உயர்ந்த அஸ்க்வித். 32 ஆண்டுகள் கட்டிக்காத்த அவரையே 1918-ல் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாக்காளரின் பலத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2019-ல் லிபரல் டெமாக்ரட் வெண்டி சேம்பர்லின் 1,316 வாக்குகள் வித்தியாசத்தில் தொகுதியை மீட்டார். 2024-ல் வித்தியாசம் 13,000-ஐத் தாண்டியது. அதே 2024-ல் கெதின்ஸும் மறுபடி நாடாளுமன்றம் போனார், டே கழிமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள அர்ப்ரோத் - ப்ரௌட்டி ஃபெர்ரி தொகுதியிலிருந்து.