விசில் அடிக்காத குக்கர்

மின்சார பிரஷர் குக்கர் வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: "இது எத்தனை விசில் அடிக்கும்?"

"அடிக்கவே அடிக்காதும்மா."

"அப்புறம் வெந்தது எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் சோற்றுக்கு மூன்று விசில், துவரம்பருப்புக்கு நான்கு, ஊறிய கொண்டைக்கடலைக்கு ஆறு. நிமிடக் கணக்கு யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு மாமிகூட எங்கள் விசிலை எண்ணிவிட்டு, "இன்னிக்கு சுண்டலா?" என்பார்.

புதுக் குக்கரோ பரம சாது. அரிசிக்கு 6 நிமிடம் என்கிறது கூடவே வந்த புத்தகம். அந்த 6 நிமிடம், உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான் ஓடவே தொடங்கும். ஏறப் பத்து நிமிடம், ஆவி தானாக அடங்க இன்னொரு பத்து. கல்யாணத்திலும் தாலி கட்ட ஒரு நிமிடம்தான். மண்டபத்தில் காத்திருப்பதைப் பத்திரிகையில் யார் போடுகிறார்கள்?

குக்கரின் முப்பாட்டனை 1679-இல் லண்டனில் செய்துகாட்டியவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். எலும்பையே மெத்தென்று வேகவைத்தாராம். எங்கள் அம்மாவின் மனசு அதைவிடக் கெட்டி.

குக்கர் கடைசியில் 'பீப்' என்றது. "இது மூணு விசிலுக்குச் சமமா, நாலுக்கா?" என்றார் அம்மா.

மறுநாள் பருப்பு பாதி வேகும்போது கரண்ட் போனது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பரணிலிருந்து பழைய குக்கரை இறக்கிக் கழுவினார். விசில் மட்டும் அவர் வாயிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.