ஜாலியும் சந்தோஷமும்

கேள்வி: ஜாலியாக இருப்பதும் சந்தோஷமாக இருப்பதும் ஒன்றுதானே? (வாசகர், சின்னசேலம்)

பதில்: ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கல்வராயன் மலையேறி, பெரியார் அருவியில் தலையைக் கொடுத்து, நாற்பது செல்ஃபி எடுத்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பாறையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறீர்களே, அது ஜாலி. தப்பில்லை (பொட்டலம் தப்பு). ஆனால் திங்கட்கிழமை மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் காய்ந்துவிடும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளைப் பாருங்கள். உளியும் கொட்டாப்புளியுமாகக் குனிந்து, ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்புக்கே அரை நாள் செலவழிப்பார்கள். முதுகு கடுக்கும், ஆனாலும் எழ மனசு வராது. அந்தக் கைவேலைக்குத்தான் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘ஜாலியா இருக்கீங்களாண்ணே?’ என்று கேட்டால், ‘வெளிச்சத்த மறைக்காதீங்க தம்பி’ என்பார்கள். சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது. சிலை வாங்கப் போனால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.