டர்போ ஆசையும் டயர் ஞானமும்

கேள்வி: அமெரிக்காவில் பழைய மாஸ்டா மியாட்டா வாங்கியிருக்கிறேன். ஆட்டோகிராஸ் ஓட்ட ஆசை. டர்போ போடலாமா?

பதில்: தாராளமாக, பரிசு வாங்கும் உத்தேசம் இல்லையென்றால்! டர்போ போட்ட கையோடு எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) விதிப்படி, அதிகம் மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் வகுப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கட்டியவர்களோடு மோத வேண்டிவரும்.

காலி மைதானத்தில் கூம்புகளுக்கிடையே ஒரு நிமிடம் வளைந்து நெளிகிற ஆட்டம்தான் ஆட்டோகிராஸ். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். அங்கே குதிரைசக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? 1989-இல் வந்த முதல் மியாட்டா 1000 கிலோகூட இல்லை. அந்த ஒல்லி உடம்புதான் அதன் பலமே.

காசை டயரில் கொட்டுங்கள். ட்ரெட்வேர், அதாவது டயரின் தேய்மான மதிப்பெண், 200-க்குக் குறையக்கூடாது என்பது ஸ்ட்ரீட் வகுப்பு விதி. அதற்குள்ளேயே தரையைக் கவ்விப் பிடிக்கிற ரகங்கள் உண்டு. பிறகு நல்ல ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்க்கிற அலைன்மென்ட். ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள், வகுப்பு மாறிவிடும்.

சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கடியில் அது போய்ச் செருகிக்கொண்டால் கூம்புகள் பறக்கும், தலைக்கு 2 விநாடி அபராதம்.