புகைச்சவனே கழுவணும்

வாடா பேராண்டி, குந்து. பெங்களூருல வேலை, ஆம்பூர்ல மாடி வீடு, சமையக்கட்டுல கேஸ் அடுப்பு, அதுக்குப் பக்கத்துல கரண்டு அடுப்பு வேற. இவ்வளவும் இருந்தும் கொல்லையில விறகடுப்பு வெக்கணும்னு ஆசை வந்துட்டுதாமே உனக்கு? உங்க பாட்டி இருந்து இதைக் கேட்டிருந்தா எழுந்து ஓடியிருப்பா, எதிர்ப்பக்கமா. காலம் பூரா ஊதுகுழலோட குடும்பம் நடத்தினவ அவ. என்னோட பேசினதைவிட அதோட பேசினதுதான் ஜாஸ்தி.

ஏன்டா இந்த ஆசைன்னு கேட்டா, "பிரியாணியில புகை வாசம் வரணும் தாத்தா"ங்கிறே. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால போய் நின்னு பார்த்திருக்கியா? தேக்சாவை ஏத்தினதும் தீ தகதகன்னு எரியும். காஞ்ச மிளகா விழுது, தயிரு, கறி எல்லாம் வேகற வரைக்கும்தான் அந்த ஆட்டம். சீரக சம்பாவைத் தனியா முக்காப் பதத்துல வடிச்சு கறியோட சேர்த்தவுடனே, மாஸ்டர் எரியற கட்டையை எல்லாம் வெளிய இழுத்துப் போட்டுடுவார். அடியில தணல், மூடி மேல ஒரு தட்டு கங்கு. அவ்வளவுதான் தம். அந்த நேரத்துல அங்க புகையைத் தேடினாலும் கிடைக்காது. நீ நாக்கைச் சப்புக்கொட்டறது தணலோட பொறுமைக்கு. புகைன்னா இன்னான்னு நெனச்சே? எரியாம தப்பிச்சுப் போற விறகு. காசு குடுத்து வாங்கின கட்டையில பாதி உன் கண்ணுல பூந்து, மீதி பக்கத்து வீட்டு மாடியில காயற வெள்ளைச் சட்டையில போய் குந்திக்கும். அதுல இன்னாடா வாசம்?

சரி, ஆசைப்பட்டுட்டே. மூணு கல்லைப் போட்டு மூட்டினா, வர்ற சூட்டுல பத்துல ஒரு பங்கு, மிஞ்சினா ஒண்ணரை பங்கு சட்டிக்குச் சேரும். மீதி ஊருக்குத் தானம். நீ தர்மப்பிரபுதான், இருந்தாலும் வேணாம். இதுக்காக மண்டையை உடைச்சிக்கினவங்க இருக்காங்க. ஐதராபாத்துல எஸ்.பி. ராஜுன்னு ஒரு இன்ஜினியர் 1950-கள்லயே புகைபோக்கி அடுப்பைப் பத்திப் புத்தகமே போட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க மூணு சட்டி ஏத்தற 'அஸ்த்ரா ஒலெ'யைச் செஞ்சாங்க. சர்க்காரும் 1980-கள்ல புகையில்லா அடுப்புன்னு ஊர் ஊரா கட்டிக் குடுத்துது. நம்மாளுங்க பல பேரு இன்னா பண்ணாங்க? குழாயில கரி அடைச்சிக்கினா குச்சி விட்டுத் தட்ட சோம்பல்பட்டு, அடுப்பு சரியில்லன்னு இடிச்சுத் தள்ளினாங்க. நீயும் நம்ம ரத்தம்தானே, அதான் முன்னாடியே சொல்லி வெக்கிறேன்.

செங்கல் வெச்சு, நறுக்கின வைக்கோலைக் களிமண்ணோட மிதிச்சுப் பூசு. ரெண்டு மூணு வாரம் நிழல்ல காயட்டும், அவசரப்பட்டா வெடிச்சிடும். வாயைக் காத்துக்கு நேரா வெக்காதே. ஆடிக் காத்து தீயை உன் லுங்கிக்கு அனுப்பி வெக்கும். தரையிலேருந்து நாலு விரக்கடை ஏத்தி இரும்புக் கம்பித் தட்டு போடு. கட்டை அது மேல இருக்கணும், காத்து அடியில பூந்து வரணும். மேல மூணு குமிழும் ஒரு விரல் உசரம் போதும். ஜாஸ்தியானா சூடு பக்கவாட்டுல ஓடிப்பூடும், கம்மியானா தீ மூச்சுமுட்டும். புகைபோக்கிக்கு நாலு அங்குலத் தகரக் குழாயா பாரு. வளைக்காம நேரா விட்டு, கூரையைத் தாண்டி ரெண்டு மூணு அடி போகட்டும். பிளம்பர் மிச்சம் வெச்சிட்டுப் போன பிவிசி பைப்பை மட்டும் மாட்டிடாதே, சாமி! அது உருகி வர்ற வாசனைக்கு ஒரு மசாலாவும் ஈடு குடுக்காது. மேல கீத்துக் கொட்டகையும் வேணாம்.

அப்புறம் விறகு. இப்ப வெட்டின கட்டையில கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான். அதை அடுப்புல வெச்சா பிரியாணி வேகாது, கட்டைதான் வேகும். பாலாத்துல தண்ணி இல்லாட்டியும் நம்ம ஊருல வெயிலுக்குப் பஞ்சமா? பொளந்து அடுக்கி ஒரு கோடை காய விடு. ரெண்டு கட்டையை எடுத்து மோதிப் பாரு. ணங்குன்னா காஞ்சிது, தொப்புன்னா இன்னும் ஈரம். வெட்டின முனை கீறல் விட்டிருக்கணும், பட்டை கையோட வரணும். வேலிக்காத்தான், புளி, சவுக்கு எதுவானாலும் சரி, மணிக்கட்டு கனத்துக்குப் பொளந்துக்க.

இப்ப நல்லா கேளு. ஷூ கம்பெனியில வேலை செய்யற உன் சிநேகிதன் அடுப்பெரிக்க ஒரு மூட்டை தோல் துண்டு சும்மா தரேன்னானாமே? சும்மா வர்றதை விடறவனா நீ! நாங்க வேலை செஞ்ச காலத்துல டேனரியில ஆவாரம்பட்டை, வேலம்பட்டையில ஊறவெச்சுப் பதம் பண்ணுவோம். சாறு இறங்கின பட்டைச் சக்கையைக் காயவெச்சு எரிச்சா அது வெறும் பட்டை. இப்ப வர்ற தோல் முக்காவாசி குரோம் பதம். வெட்டின ஓரத்தைக் கண்ணுகிட்ட வெச்சுப் பாரு, நீலம் பாய்ஞ்சிருக்கும். டேனரியில அதுக்குப் பேரே வெட் புளூ. செருப்புல இருக்கிற வரைக்கும் அது சாது. தீயில போட்டா குரோமியம் மூணு, குரோமியம் ஆறா மாறும். ஆறுங்கிறது புத்துநோய் தர்ற சரக்கு. புகையிலயும் இருக்கும், சாம்பல்லயும் இருக்கும். அந்தச் சாம்பலை எடுத்து நீ பாத்திரம் தேய்ப்பே. ரப்பர் சோலு, பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட்டு எதுவும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது.

மூட்டறதுக்கு பன்னாடையும் சுள்ளியும் போதும். மண்ணெண்ணெயை ஊத்தி வீரம் காட்டாதே. புருவம் திரும்ப முளைக்க நாளாகும். ஷிப்டு விட்ட நேரத்து டவுன் பஸ்ஸு மாதிரி கட்டையைத் திணிக்காம ரெண்டு மூணு வை. நுனி மட்டும் எரியணும், எரிய எரிய உள்ள தள்ளு. தீ பிடிச்ச கொஞ்ச நேரத்துல குழாய் முனையைப் பாரு. புகை கண்ணுக்குத் தெரியலன்னா நீ ஆளாயிட்டே. புகை சுருண்டு வந்தா, ஒண்ணு கட்டை ஈரம், இல்லன்னா காத்து பத்தல. ஊதுகுழலை எடுக்கறதுக்கு முன்னால கம்பித் தட்டுக்கு அடியில சாம்பல் அடைச்சிருக்கான்னு பாரு.

முடிஞ்சதும் சூட்டடுப்புல தண்ணி ஊத்தாதே, விரிசல் விடும். கட்டையை இழுத்து மண்ணுல அணை. மார்கழிக் குளுருக்குச் சொகமா இருக்கும்னு மிச்சத் தணலை ரூமுக்குள்ள தூக்கிப் போய் கதவைச் சாத்திடாதே. ஏலகிரிக்குப் போனாலும் இதே பேச்சுதான். கரித்தணல் விடற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல, நெறமும் இல்ல. தூங்கினவன் தூங்கினபடியே பூடுவான்.

கடைசியா சட்டம். 1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேசுல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சு. அப்ப ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரே ஜில்லா. தண்ணியையும் நெலத்தையும் கெடுத்தவன்தான் அதுக்குக் காசு கட்டணும்னு சொல்லி, டேனரிக்கு 10,000 ரூபா அபராதமும் போட்டாங்க. டேனரிக்கு ஒரு நாயம், உன் கொல்லைக்கு ஒரு நாயமா? வீட்டுக்குள்ள சமையல் புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேரு செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதுல பெரும்பாடு பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும்தான். பிரியாணிக்கு ஆசைப்பட்டவன் திண்ணையில, இருமறவ அடுப்பாங்கரையில.

அதனால இந்தத் திண்ணைக் கோர்ட்டுத் தீர்ப்பு: விறகு பொளக்கறது, மூட்டறது, குழாய்க் கரி தட்டறது, சாம்பல் அள்றது எல்லாம் நீதான். உன் பொண்டாட்டி ஷூ கம்பெனியில நாள் பூரா மிஷின் மிதிச்சிட்டு வந்து உனக்காக ஊதக்கூடாது. தேக்சா கழுவறதும் நீதான். ஏத்தறதுக்கு முன்னால அடியில களிமண்ணைக் குழைச்சுப் பூசிக்க, கரி மண்ணோட வந்துடும். இந்த ஒரு சலுகைதான் உனக்கு. முதல் தட்டு அவளுக்கு. ரெண்டாவது எனக்கு, வக்கீல் பீஸு.

ஒத்துக்கினா இப்பவே போய் செங்கல் வாங்கு. ஒத்து வரலியா, பஜார்ல பார்சல் கட்டித் தராங்க. கத்திரிக்கா கொத்சு தனியா கேட்டு வாங்கிக்கினு வா.