மிக்ஸிக்குள் ரங்கூன்

ஐயா பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்தார். முகப்புத் தூண்களாக அது இன்னும் நிற்கிறது. அப்பச்சி மலாயாவிலிருந்து பீங்கான் சாமான் கொண்டுவந்தார். குடும்ப வழக்கப்படி நானும் கடலுக்கு அப்பாலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும் அல்லவா? எக்ஸ்.இசட். என்று தொடங்கும் ஒரு கால்சைனைக் கொண்டுவரத்தான் ராத்திரி பகலாக முயன்றுகொண்டிருக்கிறேன். ஹாம் ரேடியோவில் அந்த இரண்டெழுத்து பர்மாவைக் குறிக்கும். ஐயா பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த மௌல்மீனிலிருந்து யாராவது மோர்ஸில் கூப்பிட்டால், காரைக்குடியில் பனியனோடு உட்கார்ந்தபடி பதில் சொல்லலாம். கப்பல் செலவு இல்லை. வட்டி வரவும் இல்லை என்பது ஆச்சி, அதாவது என் மனைவி, அவ்வப்போது எடுத்துச் சொல்லும் விஷயம்.

லைசென்ஸ் இருக்கிறது. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பி, வாங்கிக் காட்டி, தில்லியிலிருந்து வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவன் நான். ஆன்டெனாவுக்கும் குறையில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் கட்ட 20 மீட்டர் கம்பி வேண்டும். சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவர்கள் அதை பால்கனியில் மடித்து மடித்துக் கட்டிக் கண்ணீர் விடுவார்கள். எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இடையில் கம்பியை எத்தனை நீட்டினாலும் வீடு முடியாது. முடிவது பங்காளிகளின் பொறுமைதான். வளவுக்கு மேலே இருக்கும் ஆகாயத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று பழைய பத்திரத்தில் எழுதவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பங்காளி போனில் கேட்டார்: "அண்ணே, கம்பி கட்டுறது கட்டுறீங்க. கலியாணம் காட்சிக்கு நாங்க வந்தா அதுல துணி காயப்போடலாமா?" போடலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கட்ட முடிந்தது.

ஆனால் காதில் ஹெட்போனை மாட்டினால் கேட்பது பர்மா அல்ல, எங்கள் தெரு. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், எல்லாம் ஆளுக்கொரு சுருதியில் இரைகின்றன. போதாதென்று இந்த ஊரில் எந்த வீட்டில் எப்போது சினிமா ஷூட்டிங் நடக்கும் என்று சொல்ல முடியாது. பண்ணையார் வீடு, ஜமீன் பங்களா எல்லாவற்றுக்கும் இங்கேதான் வருகிறார்கள். அன்று தெருவில் ஜெனரேட்டர் வேன் நிற்கும், வானமே பொரியும்.

இதற்கு மருந்து ஆடியோ ஃபில்டர். என் ரேடியோ பேச்சு கேட்பதற்காகச் செய்தது. 2,400 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும். மோர்ஸ் என்பது ஒரே ஒரு விசில். அதற்கு 150 ஹெர்ட்ஸ் தாராளம். ஒரு விருந்தாளி வருவதற்காக வீட்டின் அத்தனை நிலைக்கதவுகளையும் திறந்து வைத்துத் தெருநாயையும் உள்ளே விடுவது போன்ற ஏற்பாடு இது. அகலத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இரைச்சலும் பத்தில் ஒன்றாகும், விசில் அப்படியே நிற்கும். கணக்கு அவ்வளவு சுத்தம்.

சென்னை ரிச்சி தெருவில் எல்.எம்.324 ஐ.சி. வாங்கி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டரோடு பல்லவன் ரயிலில் கொண்டுவரச் சொன்னேன். அந்த ஐ.சி.க்குள் நான்கு ஆம்ப்ளிஃபையர் உண்டு. இரண்டு போதும் என்று புத்தகம் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய நான்கில் இரண்டைச் சும்மா விட நகரத்தார் மனசு இடம் கொடுக்குமா? நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, 700 ஹெர்ட்ஸில் ஊசிமுனை அளவுக்குக் குறுக்கினேன்.

குறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் அதே புத்தகம் அடுத்த பக்கத்தில் சொல்லியிருந்தது. ஃபில்டர் குறுகக் குறுக, உள்ளே போகும் எந்தத் தட்டலும் உடனே அடங்காது. "டிங்ங்" என்று தன் சொந்தச் சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி செகண்டுதான். முந்தைய புள்ளியின் வால் அடங்கும் முன்பே அடுத்த புள்ளி வந்துவிடும். புள்ளியும் கோடும் குழைந்து கூழாகும். அதைவிட மோசம், வெறும் இரைச்சலும் மோர்ஸாகக் கேட்கத் தொடங்கும். 700 ஹெர்ட்ஸை மட்டுமே விடும் கருவிக்குள் எதைக் கொட்டினாலும் 700 ஹெர்ட்ஸாகத்தானே வெளியே வரும்?

அடுப்படியில் ஆச்சி தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை விட்டு விட்டுத் தட்டினால் மூன்று புள்ளி. மசாலாவுக்கு நீட்டி அரைத்தால் மூன்று கோடு. திரும்பவும் சட்னி. வங்கக் கடலில் ஏதோ கப்பல் மூழ்குகிறது என்று நான் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டிருந்தபோது இட்லி தயார் என்று குரல் வந்தது.

இதில் எனக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. 1901 டிசம்பர் 12-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் பறக்கவிட்டு, அதில் ஆன்டெனா கட்டி, அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாகச் சொன்னார் மார்க்கோனி. உதவியாளர் கெம்ப்பும் கேட்டதாகச் சொன்னார். பட்டப்பகலில் அந்த அலை அத்தனை தூரம் வந்திருக்குமா, இடி மின்னல் இரைச்சலைத்தான் கேட்டாரா என்று இன்றும் சந்தேகப்படுகிறார்கள். அவர் வீட்டில் அன்று மிக்ஸி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஃபில்டரே வேண்டாம், காது போதும் என்பது பழைய ஆபரேட்டர்களின் கட்சி. அதற்கும் ஆதாரம் உண்டு. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சர் 1940-லேயே எழுதிவிட்டார்: இரைச்சலுக்கு நடுவே ஒரு சுருதியைப் பிடிக்கும்போது, காது அதைச் சுற்றியுள்ள குறுகிய பட்டையை மட்டுமே கணக்கில் எடுக்கும். 700 ஹெர்ட்ஸ் அருகே அது சுமார் 100 ஹெர்ட்ஸ். தலைக்கு இரண்டு பக்கமும் இலவசமாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள், பழக்க வேண்டியதுதான் பாக்கி. ஆச்சிக்கு அந்தப் பழக்கம் பூரணம். இரண்டாங்கட்டில் கிரைண்டர் ஓடும்போதும், முகப்பில் நான் ரிச்சி தெரு பார்சலைப் பிரிக்கும் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்கும்.

கடைசியில் உருப்படியான ஃபில்டர் மின்வாரியத்திடம் இருந்தது. பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் "மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை மின்தடை" என்று வரும் செய்தியை ஊரே திட்டிக்கொண்டு படிக்கும். நான் மட்டும் கத்தரித்து வைப்பேன். மெயின் போனதும் பல்பும் சார்ஜரும் மிக்ஸியும் ஒரேயடியாக ஓய்ந்துவிடும். பேட்டரியில் ரேடியோவைப் போட்டால் 1940-ஆம் வருஷத்து அமைதி. பகலில் 21 மெகாஹெர்ட்ஸ் கிழக்கே நன்றாகத் திறக்கும். 7-க்குக் கட்டிய கம்பி அதன் மூன்று மடங்குக்கும் ஒத்துவரும். எங்கள் இன்வெர்ட்டரும் இரையும் என்பதால் அதையும் நிறுத்தச் சொன்னேன், அதுவும் சித்திரை மாசத்தில்.

"நிறுத்துறேங்க. சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு யார் ஆட்டுறது?"

ஆட்டுக்கல்லில் ரேடியோ இரைச்சல் துளியும் கிடையாது. ஹெட்போன் ஒயரை அடுப்படி வரை இழுத்து, வலது கை குழவி, இடது கை பென்சில் என்று உட்கார்ந்தேன். அரிசி பாதி மசிந்தபோது மிக மெல்லிசாக ஒரு விசில், டா-டி-டி-டா. எக்ஸ்! மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "கை நின்னுருச்சே" என்று ஆச்சி உளுந்தைக் கொட்டினாள், அடுத்த எழுத்து அதில் போயிற்று. எக்ஸ் என்றால் கம்போடியாவாகவும் இருக்கலாம், வியட்நாமாகவும் இருக்கலாம். பணியாரம் பஞ்சு மாதிரி வந்ததாகச் சம்பந்தி சொன்னார்.

அடுத்த மின்தடைக்கு ஆச்சி உரலைக் கழுவி வைத்துவிட்டாள். அதிரசமாம். உலக்கைக்கு இரண்டு கையும் வேண்டும், பென்சிலை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.