நட்டால் மாலை, வெட்டினால் மனு

மரம் நடு விழாவுக்குப் பந்தல் போட எத்தனை சவுக்குக் கழி பிடிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பந்தல்காரர் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மேடைக்குத் தனி. வரவேற்பு வளைவுக்குத் தனி. ஒலிபெருக்கி கட்ட, கொடி கட்ட, கூட்டத்தைத் தடுக்க என்று தனித்தனி. நடப்போவது பத்துக் கன்று. அதற்கு நிழல் கொடுக்க ஒரு கொல்லைச் சவுக்கு சாய்ந்திருக்கும்.

குழியை முதல் நாளே தோண்டியிருப்பார்கள். மண்ணைச் சலித்தும் வைத்திருப்பார்கள், பிரமுகர் கையில் கல் குத்தக் கூடாதே. மண்வெட்டியில் பச்சை ரிப்பன். ஒரு கன்றை ஏழு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். அந்தக் கன்று கடைசியாகப் பார்க்கும் மனித முகங்கள் அவைதான். மறுநாள் அது ஆட்டின் முகத்தைப் பார்க்கும். கன்று போனாலும் இரும்புக் கூண்டு நிற்கும். கூண்டில் ‘உபயம்’ என்று எழுதிய பெயரும் நிற்கும். பெயர் வாடாமல் நின்றால் சரி, விழா வெற்றி.

2012இல் முதலமைச்சருக்கு 64 வயது. அதனால் 64 லட்சம் மரக்கன்று. ஏன் 60 லட்சம் இல்லை, ஏன் 70 லட்சம் இல்லை என்று எந்த வன அதிகாரியும் கேட்கவில்லை. மண்ணைப் பார்க்காமல், மழையைப் பார்க்காமல், பிறந்த தேதியைப் பார்த்துப் போட்ட கணக்கு. அந்தத் தேதி பிப்ரவரி 24. எங்கள் கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து, கோடை வாசலில் வந்து நிற்கும் நேரம். தொடக்க விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கன்றுக்குக் கிடைக்காது. சாவதற்கு.

ஆட்சி மாறியது. மண்வெட்டி மாறவில்லை. 2022 செப்டம்பர் 24, வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம். மாநிலத்தின் பசுமைப் பரப்பு இப்போது நூற்றுக்கு 24கூட இல்லை, பத்து ஆண்டில் 33 ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். நல்ல இலக்கு. யார் ஆக்குவது? அரசு நிலத்தில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே ஆக்க வேண்டியவன் நீங்களும் நானும். சரி, ஆக்குகிறோம். ஆக்குகிறவனை எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

புவனகிரி வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்துக்கொண்டு மரம் வளர்க்கும் குடும்பங்கள் விழா எடுப்பதில்லை. வெள்ளாற்றங்கரைப் பக்கம் வரப்போரத்தில் தேக்கு, வேம்பு, பூவரசு. கிழக்கே சிலம்பிமங்கலம், சாமியார்பேட்டை என்று கடலை நெருங்க நெருங்க மணலில் சவுக்கு. முதல் கோடையில் குடம் குடமாகத் தூக்கி ஊற்றி, செத்த கன்றுக்குப் பதில் கன்று வைத்து, ஆட்டோடும் மாட்டோடும் மல்லுக்கட்டி வளர்ப்பார்கள். எந்தக் கூண்டிலும் அவர்கள் பெயர் இருக்காது. கன்று மட்டும் இருக்கும்.

இந்தக் கொல்லைகளை டெல்லிக்கு நன்றாகத் தெரியும். இந்திய வன அளவை நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒரு அறிக்கை போடுகிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கை 2024 டிசம்பரில்தான் வெளிவந்தது, அது கிடக்கட்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் பத்து சதவீதம் மரக்கவிகை, செயற்கைக்கோள் படத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும், அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்ற கேள்வியே இல்லை. நாலு வீட்டுக் கொல்லை ஒட்டி இருந்தால் ஹெக்டேர் தேறிவிடும். ஆக, நம் மணலில் நிற்கும் சவுக்கும் நம் முந்திரியும் நாட்டின் வனக் கணக்கில் சேர்ந்து, உலக மாநாடுகளில் பெருமையாக வாசிக்கப்படுகின்றன. வாசிக்கிறவருக்கு விமானக் கட்டணம் உண்டு. வளர்த்தவனுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

நடும்போது மந்திரியின் மரம். நிற்கும்போது அறிக்கையின் மரம். வெட்டும்போது இலாகாவின் மரம். புயலில் விழுந்தால் மட்டும் உன் மரம், நீயே அப்புறப்படுத்திக்கொள்.

ஊக்குவிக்கவே இல்லை என்று சொன்னால் பாவம் சேரும். 2021-22இல் வேளாண் துறை ‘நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்’ கொண்டுவந்தது. அப்போது துறையின் மந்திரி நம் மாவட்டத்துக்காரர், குறிஞ்சிப்பாடி தொகுதி. உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50, வயல் முழுக்க நட்டால் 160. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்ததுதான் தமாஷ். பிழைத்திருக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. இரண்டாம் வருடம் தொடங்கி நான்காம் வருடம் வரை. மூன்று வருடமும் சேர்த்து ஒரு மரத்துக்கு 21 ரூபாய்.

ஏழு ரூபாய். புவனகிரி பஸ் நிறுத்தத்தில் அந்தக் காசை நீட்டி டீ கேட்டுப் பாருங்கள். வரப்பில் வைத்த ஐம்பதும் பிழைத்தால் வருடத்துக்கு 350. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தேறவில்லை. அந்த ஐம்பதையும் எண்ணிப் பார்க்க ஓர் அலுவலர் வர வேண்டும். அவர் வண்டிக்குப் போடும் பெட்ரோல் காசைக் கன்றுக்கே கொடுத்துவிட்டு அவர் வராமலே இருந்தால், அரசுக்கும் மிச்சம், மரத்துக்கும் லாபம்.

இதெல்லாம் வளர்க்கிற கட்டம். வெட்டப் போனால்தான் தெரியும், நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். வரப்பில் எட்டுத் தேக்கு. பேத்தி கல்யாணத்துக்கு என்று வைத்தது. வெட்டி வண்டியில் ஏற்ற வேண்டும் என்றால் 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே படுத்திருக்கின்றன. அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு வி.ஏ.ஓ. சான்று வேண்டும். சான்றுக்குச் சிட்டா, அடங்கல், புல வரைபடம். ஓர் அலுவலகத்தில் அவருக்குத் துணையாக நின்றேன். அங்கிருந்தவர் முகம் நிமிராமல் கேட்டார்:

“மரத்த நீங்கதான் நட்டீங்கன்றதுக்கு என்ன ஆதாரம், பெரியவரே?”

“எங்க நெலத்துல நிக்குது சார்.”

“நிக்கிறது தெரியுது. நட்டதுக்கு? அடங்கல்ல தேக்குன்னு ஏறல. கன்னு வாங்கின ரசீது இருக்கா?”

“இருவத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி வனத்துறை நாத்தங்கால்ல வாங்கினேன் சார். அவங்கதான் குடுத்தாங்க.”

“அப்ப அவங்ககிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க.”

கொடுத்தவனிடம் போய், நீ கொடுத்தாய் என்று எழுதி வாங்கி, அவனிடமே கொடுக்க வேண்டும். இதற்கு நிர்வாகம் என்று பெயர்.

அதுவும் கிடைத்ததாகவே வையுங்கள். பட்டாவைப் பிரித்துப் பார்த்தால் அது கூட்டுப் பட்டா. பெரியவரின் தகப்பனார் பெயரும் சித்தப்பாமார் பெயர்களும் இன்னும் அதில் உயிரோடு இருக்கின்றன. வாரிசுச் சான்று வேண்டும். பங்காளிகள் கையெழுத்து வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில். ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. குடும்ப நிலம் வைத்திருக்கிற யாருக்கும் இந்தக் கதை புதிதில்லை. கல்யாணம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்து முடிந்தது. எட்டுத் தேக்கும் இன்னும் நிற்கிறது. வனப்பரப்பு பாதுகாக்கப்பட்டது.

சந்தனத்தின் கதை இன்னும் விசேஷம். நம் கொல்லையில் முளைத்த சந்தன மரத்தின் மேல் நமக்கே உரிமை என்று தமிழ்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டதே 2002இல்தான். ஒப்புக்கொண்ட பிறகும் விற்பனை வனத்துறை வழியாக. திருடனுக்கு மட்டும் எந்த விதியும் இல்லை. ராத்திரி வருவான், ரம்பத்தோடு. அவன் எந்த அலுவலகத்திலும் ரசீது காட்ட வேண்டியதில்லை.

2025 ஜூனில் மத்திய அரசுக்கு நம்மேல் இரக்கம் பிறந்தது. வேளாண் நிலத்தில் மரம் வெட்டுவதை எளிதாக்குகிறோம் என்று மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. எளிமை எப்படி என்று கேளுங்கள். இணையதளத்தில் தோட்டத்தைப் பதிய வேண்டும். என்ன மரம், எத்தனை கன்று, எந்த மாதம் நட்டது, சராசரி உயரம் என்ன என்று நிரப்ப வேண்டும். இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும், கே.எம்.எல். கோப்பாக. பத்து மரத்துக்கு மேல் வெட்டினால் சரிபார்க்க ஒரு முகமை வரும். எழுபது வயதுப் பெரியவர் வரப்பில் நின்று கே.எம்.எல். கோப்பு எடுக்கும் காட்சியை மனசில் ஓட்டிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் நீங்கள் டெல்லியில் இருக்கிறீர்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பயந்துதான் எல்லோரும் சவுக்குக்கு ஓடினார்கள். சவுக்குக்கு அனுமதிச் சீட்டுத் தொல்லை இல்லை. மூணு, நாலு வருடத்தில் வெட்டு. நாட்டு மரம் வை, பல்லுயிர் காப்பாற்று என்று மேடையில் பேசுகிறவர்கள், நாட்டு மரம் வைத்தவனை அலுவலகம் அலுவலகமாக ஓட விடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாக வெள்ளைக்காரன் தேடிப் பிடித்த சவுக்கு இன்றைக்கும் நம் மணலை ஆள்கிறது என்றால், ஆள விட்டது நம் விதிகள்.

சவுக்கிலும் ராஜ வாழ்க்கை இல்லை. விலையைத் தரகர் சொல்வார். வெட்டுக் கூலி, தோல் உரிப்புக் கூலி, ஏற்றுக் கூலி எல்லாம் நம் தலையில். மிலாறு மட்டும் வீட்டு அடுப்புக்கு மிஞ்சும். கட்டை லாரி ஏறிக் கரூர்ப் பக்கம் புகளூர் வரை போகிறது. 1979இல் தொடங்கிய அரசுக் காகித ஆலை அங்கே கரும்புச் சக்கையோடு மரக்கூழும் சேர்த்துத் தாள் செய்கிறது. பெரியவரின் மனுவைத் திருப்பி அனுப்பிய தாள் எங்கள் ஊர்ச் சவுக்காகவே இருந்திருக்கலாம்.

அந்தச் சவுக்கு செய்த ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமியில் இதே கடலூர்க் கரையில் சதுப்புக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னால் நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று அடுத்த வருடமே ‘சயின்ஸ்’ ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகம் படித்தது. சரி, அந்தத் தோப்பு விழுந்தால்? 2011 டிசம்பர் 30. தானே புயல். விடிந்தபோது முந்திரி, பலா, சவுக்கு எல்லாம் தரையில். பண்ருட்டிப் பக்கம் தலைமுறைப் பலா மரங்கள் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் இன்றும் நெல் உண்டு, உளுந்து உண்டு. சவுக்கும் தேக்கும் கிடையாது. செயற்கைக்கோளுக்கு அது வனம், இலாகாவுக்கு அது தடி, காப்பீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஒருவேளை சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானோ, நாம்தான் அவசரப்படுகிறோமோ என்று உங்களுக்குத் தோன்றலாம். 2023 ஜூலை 26ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்பு பக்கம் மேல்வளையமாதேவி. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி. பொக்லைன்களை இறக்கியது. சுற்றிலும் போலீஸ். நிலம் பல வருடத்துக்கு முன்பே கையகப்படுத்தியதாம். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. இரண்டு மாதம் பொறுக்க முடியாத நிறுவனம், சுரங்க மண்மேட்டில் மரம் நட்டுப் படம் போடுகிறது. எட்டுத் தேக்குக்காக வருடக்கணக்கில் பொறுத்தவரைப் பார்த்து, ‘அனுமதி இல்லாம எப்படி வெட்டுவீங்க’ என்கிறார்கள். விக்கிரவாண்டி–தஞ்சை சாலையை அகலமாக்கச் சாய்த்த பழைய மரங்களுக்கு யாராவது ரசீது கேட்டார்களா? ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்றார்கள். பத்தையும் நட்டிருப்பார்கள். கூண்டுகளை எண்ணிக்கொள்ளலாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டா நிலத்தில் நட்ட மரத்தை நட்ட வருடமே அடங்கலில் ஏற்றுங்கள். ஏற்றிய மரத்தை வெட்ட ஒரு தகவல் கடிதம் போதும் என்று ஆக்குங்கள். புயலில் விழுந்தால் நெல்லுக்குக் கொடுப்பதை அதற்கும் கொடுங்கள். முடியாது என்றால், முடியாது என்றே சொல்லிவிடுங்கள். மாலை வேண்டாம்.

அடுத்த விழாவுக்கு உங்களுக்கும் அழைப்பு வரும். போங்கள். டிபன் உண்டு. பேச்செல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று, போன வருடம் நட்ட கன்று எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மைக் தர மாட்டார்கள். சத்தமாகக் கேளுங்கள்.