ரோமாபுரியும் ராமநதியும்: கேள்வி–பதில்

கேள்வி: அண்ணாச்சி, போப் ஒரு வார்த்தை சொன்னால் கத்தோலிக்கர் அத்தனை பேரும் ஒரே சின்னத்துக்குக் குத்திவிடுவார்களாமே, மெய்தானா?
– டீக்கடைக்காரர், கடையம்

பதில்: ஒரே கோயிலில் பூசை கண்டுவிட்டு வரும் அண்ணனும் தம்பியும் உங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து வேறு வேறு கட்சிக்காக மல்லுக்கட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ், கம்யூனிஸ்ட் என எல்லாக் கொடிக்குக் கீழும் கத்தோலிக்கர் உண்டு. குருக்கள் அரசுப் பதவி வகிக்கக் கூடாது, கட்சி வேலையில் இறங்கக் கூடாது என்பதுதான் திருச்சபைச் சட்டத்தின் பொதுவிதி. நீதியை நினைத்து ஓட்டுப் போடச் சொல்லிச் சாமியார் பிரசங்கம் வைக்கலாம். சின்னத்தின் பெயரைச் சொன்னால் அவர் வரம்பு மீறுகிறார். அதைப் பூசை முடிந்ததும் மரியாதையோடு அவரிடமே சொல்லிவிடுவது பங்கு மக்களின் கடமை.

கேள்வி: போப் வாயிலிருந்து வருவதெல்லாம் தவறாத வாக்கு என்று என் மைத்துனர் சாதிக்கிறார். நான் என்ன சொல்ல?
– மளிகைக் கடைக்காரர், ஆழ்வார்குறிச்சி

பதில்: அவ்வளவு பெரிய உரிமையை எந்தப் போப்பும் கேட்டதில்லை என்று சொல்லுங்கள். 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கம் இதற்கு எல்லை போட்டது. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும் ஆசானாக நின்று, இதுவே முடிந்த முடிவு என்று அவர் அறிவிக்கும்போது மட்டும்தான் அந்த வாக்கு தவறாதது. அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் அப்படி அறிவிக்கப்பட்டது ஒரே ஒரு முறை: 1950-ல் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த மாதாவின் விண்ணேற்பு. விமானத்தில் நிருபர்களுக்குச் சொல்லும் பதில்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை மதித்துக் கேட்க வேண்டும், யோசிக்கவும் வேண்டும்.

கேள்வி: போப் தேர்தலில் நம்ம ஆட்களுக்கு ஓட்டு உண்டா?
– கல்லூரி மாணவர், பாவூர்சத்திரம்

பதில்: உண்டு. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் வாக்களித்தார்கள். ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 ஓட்டு வேண்டும். வேட்புமனு கிடையாது, பிரசாரம் கிடையாது. இந்தியாவிலிருந்து நான்கு பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத்தின் அந்தோணி பூலா, முதல் தலித் கர்தினால். தமிழர்களில் முதல் கர்தினாலான லூர்துசாமி 1985-ல் அந்தப் பதவிக்கு வந்து 2014-ல் காலமானார். 2025-ல் வாக்களித்த அந்த நால்வரில் தமிழர் எவரும் இல்லை.

கேள்வி: புதுப் போப் அமெரிக்காக்காரர். இனி வாஷிங்டன் சொல்வதுதான் வத்திக்கானிலும் நடக்குமோ?
– ஓய்வுபெற்ற தபால்காரர், சிவசைலம்

பதில்: பதினான்காம் லியோ சிகாகோவில் பிறந்தவர். ஆனால் பாடுபட்டது பெரு நாட்டில். அங்கே மிஷனரியாகவும் சிக்லாயோவின் ஆயராகவும் இருந்தார், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு முன்னிருந்த பிரான்சிஸ், குடியேறியவர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்துவதைக் கண்டித்து 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதமே எழுதினார். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் பிறந்த நாட்டுக்கு வாலாட்டினால் உலகம் அவரை நம்பாது. லியோவின் முதல் பெரிய ஆவணம் 2025 அக்டோபரில் வந்தது. அது ஏழைகள் மீதான அன்பைப் பற்றியது.

கேள்வி: ரோமில் இருக்கும் பெரியவருக்கும் என் பீடித் தட்டுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?
– பீடி சுற்றும் பெண், மாதாபுரம்

பதில்: நிறைய இருக்கிறது தாயி. இப்போதைய போப் லியோ என்ற பெயரை எடுத்ததே பதின்மூன்றாம் லியோவை நினைத்துத்தான். அந்த லியோ 1891-ல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலைத் தொழிலாளர்களுக்காகவே எழுதினார். உழைப்பவர் பிழைக்கும் அளவுக்குக் கூலி வேண்டும், சங்கம் சேர உரிமை வேண்டும், பிள்ளைகளை வேலையில் வாட்டக் கூடாது என்பவை அதன் சாரம். இப்போது உங்கள் தட்டைப் பாருங்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருபத்தைந்து பீடியாகக் கட்டுப் போட்டுக் கொண்டுபோகிறீர்கள். கடைக்காரர் சரியில்லை என்று கழித்துப் போட்டதற்குக் கூலி இல்லை. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அந்தக் கணக்கைத் தட்டிக் கேட்கத்தான் சங்கம். பயப்படாமல் சேருங்கள், திருச்சபை 1891-லேயே உங்கள் பக்கம் நின்றுவிட்டது.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். போப் பிரான்சிஸ் இறந்த அன்று எங்கள் தெருவிலும் வருத்தப்பட்டார்கள். இது எதனால்?
– ஜவுளிக் கடைக்காரர், பொட்டல்புதூர்

பதில்: எல்லா மதத்தாரும் நேர்ச்சை செலுத்த வரும் பள்ளிவாசல் உள்ள ஊர் உங்களுடையது. கடையத்தில் குடியிருந்த பாரதி 1920-ல் உங்கள் ஊருக்கு வந்து இஸ்லாத்தின் பெருமையைப் பேசினார். அப்படிப்பட்ட ஊருக்கு பிரான்சிஸை அடையாளம் தெரியாமல் இருக்குமா? 2019-ல் அபுதாபியில் அல்-அஸ்ஹர் பெரிய இமாமோடு சேர்ந்து மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டவர் அவர். காசா போரின்போது அங்குள்ள சின்னஞ்சிறு பங்குக் கோயிலுக்கு அநேகமாகத் தினமும் சாயங்காலம் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தும் கூப்பிட்டார். உலகத் தலைவர்கள் அறிக்கை விட்ட நேரத்தில் அவர் ஆளைக் கூப்பிட்டுப் பேசினார். ஜனங்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. எங்களுக்கும் போப் உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், ஆலங்குளம்

பதில்: இல்லை. உங்கள் பேராயரை உங்கள் திருச்சபையே தேர்ந்தெடுக்கிறது. எங்கள் ஆயரை நியமிப்பது ரோம். ஆண்டவர் ஒருவர்தான்.

கேள்வி: பெண்கள் எப்போது குருவாவார்கள்?
– கன்னியர் பள்ளியில் படித்தவர், தென்காசி

பதில்: இப்போதைக்கு வழி அடைபட்டிருக்கிறது. 1994-ல் இரண்டாம் ஜான் பால், திருச்சபைக்கு அந்த அதிகாரமே இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால் வேறு கதவுகள் திறக்கின்றன. 2023 ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் சிமோனா பிரம்பில்லா என்ற கன்னியர் வத்திக்கான் துறை ஒன்றின் தலைவரானார். கோயிலைப் பெருக்கவும் பூ வைக்கவும் பெண், வரவு செலவு பார்க்க ஆண் என்ற ஏற்பாட்டை மாற்ற ரோமின் உத்தரவு தேவையில்லை. பங்குப் பேரவையில் இந்த வருடமே மாற்றலாம்.

கேள்வி: மலையைக் குடைந்து லாரி லாரியாகக் கல் போகிறது. இதில் கோயிலுக்கு என்ன வேலை?
– விவசாயி, கோவிந்தப்பேரி

பதில்: வேலை இருக்கிறது. 2015-ல் பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' மடலின் மையமே, பூமியைச் சீரழித்தால் முதலில் அடிபடுபவர் ஏழை என்பதுதான். ராமநதியும் கடனாநதியும் வற்றினால் பெரிய பண்ணைக்காரர் போர் போட்டுக்கொள்வார். குத்தகைக்கு நெல் போட்டவர் என்ன செய்வார்? புளியரை வழியாகக் கல்லும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த மடலைத் தமிழில் வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல், கிராமசபைக் கூட்டத்துக்கு நாலு பேரைக் கூட்டிப் போகிற பங்கே அதைப் புரிந்துகொண்ட பங்கு.

கேள்வி: போப் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வருவதை எப்படி நம்புவது?
– நர்ஸ், கீழக்கடையம்

பதில்: எந்தத் தேதியில், எந்த இடத்தில், யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். வத்திக்கான் செய்திகள் தமிழிலேயே வருகின்றன, ஒரு நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடலாம். பொய்யை முன்னனுப்புவது பொய்ச்சாட்சி. அதைத் தடுக்கப் பத்துக் கட்டளையில் ஒரு கட்டளையே இருக்கிறது.

கேள்வி: தேவசகாயம் புனிதராகிவிட்டார். நம் கோயில்களில் சாதி மட்டும் போகவில்லையே. போப்பால் முடியாதா?
– ஆசிரியை, சேர்ந்தமரம்

பதில்: நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-ல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில். எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது உயர்சாதியாரின் பகையைக் கிளப்பியது என்று வத்திக்கானே அவர் வரலாற்றில் குறிக்கிறது. 1752-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கால்சட்டை போல இரண்டு கிளையாகப் பிரிந்த கோயிலைக் கட்டினார்கள். ஒரு கிளை ஒரு சாதிக்கு, மறு கிளை மற்றவர்களுக்கு, பீடம் மட்டும் பொது. 1910-ல் சாமியார்கள் நடுச்சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் மெட்ராஸ் ஹைகோர்ட் வரை சென்று தோற்றார்கள்.

ரோமுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மிஷனரி ராபர்ட் தெ நோபிலி காலத்தில் எழுந்த சண்டையைத் தீர்த்து, மதம் மாறியவர்களுக்குப் பூணூலும் குடுமியும் சந்தனமும் தொடரலாம் என்று 1623-ல் அனுமதித்தவர் போப் பதினைந்தாம் கிரகோரி. வேதம் தமிழ் மண்ணில் ஊன்ற அது உதவியது. அந்த வழியாகவே சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்த போப்மார்கள் பேசாமல் இருக்கவில்லை. 2003 நவம்பரில் தம்மைக் காண வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் சொன்னார்: கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம். ஐந்து வருடம்கூட ஆகவில்லை, 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

2022 மே 15 அன்று பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக்கினார். பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் நீக்கியிருந்தது. தமிழக அமைச்சர்கள் போயிருந்தார்கள், தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒலித்தது. பெயரிலிருந்து சாதியை எடுப்பது ரோமால் முடிந்தது. தெருவிலிருந்து எடுப்பது நம்மால்தான் முடியும்.

கேள்வி: மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது அரசாங்கம். அப்படியானால் எனக்கு ஏன் இன்னும் தனித் தெரு?
– கட்டடத் தொழிலாளி, கடையம்

பதில்: உங்கள் கேள்விதான் சட்டத்துக்கும் பதில். 1950-ன் ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதி அந்தஸ்தை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவ தலித்துகளைச் சேர்க்கச் சொல்லித் தமிழகச் சட்டசபை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. டெல்லியிடம் இந்த நியாயத்தைக் கேட்க ஆயர்களுக்கு முழு உரிமை உண்டு. முதலில் சாதி பார்த்துப் பிரித்த தங்கள் கல்லறைத் தோட்டங்களைச் சரிசெய்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலுக்கு எடை கூடும்.

கேள்வி: திருவிழா வருகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.
– பங்குப் பேரவை உறுப்பினர், பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்

பதில்: நான்கு காரியம் செய்யுங்கள். சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். அசனப் பந்தி ஒன்றாக இருக்கட்டும். பேரவையில் தலித் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால் இடியுங்கள். இவற்றில் ஒன்றுக்கும் ரோமிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை, ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இந்த நான்கையும் முதல் தீர்மானமாக வையுங்கள்.